மே மாதத்து மனு

மண்டபம் ரயில்வே கேட் பக்கத்தில்
என் ஜெராக்ஸ் கடை.
லேமினேஷன், ஆதார் திருத்தம்,
ஆங்கில மனு பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

நம்புக்கனி வந்தபோது
விரல்களில் சுற்றிய துணி காயவில்லை.
விடியலில் கரையோரம் பாசி எடுத்த கை.
கீபோர்டில் ஒரு சொட்டு விழுந்தது,
'எம்' எழுத்தின் மேல்.

"தீவுப் பக்கம் போக விடணும்னு எழுது தாயி.
இங்கிலீசுலயே எழுது. மேல போற கடுதாசி."

வி கேன் என்று ஆரம்பித்தேன்.
எங்களால் முடியும்.
தகரத் தட்டைக் காலில் கட்டி
பாறை இடுக்கில் மூச்சடக்கி
மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி வருகிறவள்
முடியும் என்பதை
மனுப் போட்டா சொல்ல வேண்டும்?
அழித்தேன்.

மே வி என்று மாற்றினேன்.
வகுப்பு வாசலில் நின்று கேட்போமே
மே ஐ கம் இன்,
உள்ளே ஒரு தலை அசையும்வரை
செருப்பும் வெளியே காலும் வெளியே.
அந்த மே.

திரையை எட்டிப் பார்த்தாள்.
"காலண்டர்ல இருக்குற அதே மூணு எழுத்துல்ல?
மே மாசத்தப் பத்தியா எழுதுற?"

அதே மூன்று எழுத்துதான்.
வெளியே அதே மாதம்தான்.
தடைக்காலம். விசைப்படகுகள்
கரையில் சாய்ந்து பெயின்ட் அடித்துக்கொள்கின்றன.
அனுமதி என்று பெயர் வைத்துக்கொண்டு
ஒருவரையும் அனுமதிக்காத மாதம்.
சொன்னேன். இருவரும் சிரித்தோம்.
அவள்தான் முதலில் நிறுத்தினாள்:
"அப்ப ஜூன்னு மாத்திப் போடு."

பிறகு பாலித்தீன் பையிலிருந்து
போன வருஷத்துப் பதிலை எடுத்தாள்.
மடிப்பில் உப்புப் பூத்திருந்தது.
ஒரே வரி. மே பி கன்சிடர்ட்.
பரிசீலிக்கப்படலாம்.

"போலாம்ங்குறாகளா?"

இல்லை அக்கா.
வாசலில் கை கட்டி நின்ற அதே சொல்
அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும்
தோளைக் குலுக்குகிறது.
நடந்தாலும் நடக்கும்.

ஆங்கிலத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நம் 'லாம்' மட்டும் யோக்கியமா?
போகலாம் என்று கார்டு சொன்னால் உத்தரவு.
போகலாம் என்று இவள் சொன்னால்
கிளம்பு, சேர்ந்து போவோம்.
படகு இந்நேரம் போயிருக்கலாம் என்றால்
ஊகமா, தவறவிட்ட வருத்தமா,
குரலைக் கேட்டால்தான் தெரியும்.

கூடும் என்பது பாவம், வெறும் வாய்ப்பு.
அதற்கு ஒரு துணைக்கால் கிடைத்துக்
கூடாது ஆனதும்
அந்தக் காலில் காக்கிச் சட்டை ஏறிவிடுகிறது.
பலகை, அபராதம்,
பறிமுதல் செய்த சாக்கு நிறையப் பாசி.

"என்ன யோசனை?
போறோம்னு எழுது. முன்னயும் போனோம்,
இப்பயும் போறோம், அதானே?"

அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றேன்.

"ஆகட்டும்."

இலக்கணப் புத்தகத்தில்
இந்தச் சொல்லுக்கு நேரான பக்கத்தை
நான் பார்த்ததில்லை.

வி கோ டு தி ஐலண்ட்ஸ்.
கேனும் இல்லை, மேயும் இல்லை, மைட்டும் இல்லை.
நிகழ்காலம். முற்றுப்புள்ளி.
கடைசியில் மனு முழுவதிலும்
மே இருந்தது ஓரிடத்தில்தான்:
வலது மேல் மூலையில், தேதியில்.

துணியை அவிழ்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்,
'நம்பு' வரை பெரிதாக,
'கனி'க்கு இடம் போதாமல் நெருக்கி.

நாலு பத்து ரூபாய், நாலும் ஈரம்.
ஃபேனுக்கு நேராகப் பரப்பி
மேலே ஸ்டேப்ளரை வைத்தேன்.
கரண்ட் இருந்தால்
சாயங்காலத்துக்குள் காயலாம்.